அயல் துறைமுகத்தில் இட்ட முதல்



ஒருவர் தம் சொந்த நிலத்தில் கிணறு வெட்டினால், ஏன் வெட்டுகிறீர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்தவர் நிலத்தில் தம் கைப்பணத்தைச் செலவிட்டுக் கிணறு வெட்டினால், "இவருக்கு இதில் என்ன லாபம்?" என்று ஊரே கேட்கும். நாடுகளின் வரலாற்றிலும் இப்படி ஒரு கேள்வி உண்டு. ஓர் அரசன், ஒரு கம்பெனி, ஓர் அரசாங்கம், கடல் கடந்து போய்ப் பிறர் நாட்டுத் துறைமுகத்தில் பணம் போடுவது ஏன்? போட்டவருக்குக் கிடைப்பது என்ன? துறைமுகத்துக்கு உரியவருக்குக் கிடைப்பது என்ன? இதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இதற்கு விடை தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் நாகப்பட்டினத்தையும் நம் நாட்டின் கெடாவையும் எடுத்துக்கொண்டாலே போதும். நம்மில் பலருடைய பாட்டன் பாட்டிமார் கப்பல் ஏறிய துறை நாகப்பட்டினம். அந்தக் கப்பல்கள் முதலில் வந்து நின்ற இடம் பினாங்கு. பினாங்கோ முன்பு கெடா சுல்தானுக்குச் சொந்தமான தீவு. இந்த இரண்டு கரைகளுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஆட்களும் சரக்கும் மட்டும் போய் வரவில்லை; முதலும் போய் வந்திருக்கிறது.

துறைமுகம் என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். கப்பல் வந்து நிற்கும் இடம் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். பாய்மரக் காலத்தில் கப்பலை ஓட்டியது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தமிழகக் கரையிலிருந்து கிழக்கே வரலாம். திரும்பிப் போவதற்கு வடகிழக்குக் காற்று வீச வேண்டும். அது வரையில் மாலுமிகளும் வணிகர்களும் மாதக்கணக்கில் அயல்நாட்டில் காத்திருக்க வேண்டும். காத்திருப்பவர்களுக்குக் குடிநீர் வேண்டும், தங்குமிடம் வேண்டும், சரக்கை நனையாமல் வைக்கக் கிடங்கு வேண்டும், பழுதான கப்பலைச் செப்பனிடத் தச்சர் வேண்டும், கும்பிடக் கோயில் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவ்வூர் அரசனின் ஆதரவு வேண்டும். இவையெல்லாம் சேர்ந்ததுதான் துறைமுகம். ஆகவே அயல் துறைமுகத்தில் பணம் போடுகிறவன் வெறும் கல்லுக்கும் மண்ணுக்கும் பணம் போடவில்லை. தன் ஆட்கள் அச்சமின்றித் தங்குவதற்கும், தன் கப்பல்கள் தடையின்றிப் போய் வருவதற்கும் பணம் போடுகிறான்.

கெடாவின் குனோங் ஜெராய் மலை கடலில் நெடுந்தொலைவிலிருந்தே தெரியும். வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு அதுவே அடையாளம். அம்மலையின் அடிவாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்கில், பழங்காலத்துக் கோயில்களின் அடித்தளங்களைத் தொல்பொருள் ஆய்வாளர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். தமிழ் இலக்கியங்களும் கல்வெட்டுகளும் கடாரம் என்று குறிப்பிடுவது இந்தக் கெடாவைத்தான். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, காழகம் என்னும் நாட்டிலிருந்து வந்து இறங்கிய பொருள்களைக் குறிப்பிடுகிறது. அந்தக் காழகம் கடாரமே என்று பழைய உரையாசிரியர் எழுதியிருக்கிறார்.

பத்தாம் நூற்றாண்டின் முடிவில் கடாரம் ஸ்ரீவிஜயப் பேரரசின் கையில் இருந்தது. சுமத்திராவைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தப் பேரரசு மலாக்கா நீரிணையின் இரு கரைகளையும் ஆண்டது. சீனாவுக்கும் தமிழகத்துக்கும் இடையே போகிற கப்பல்கள் அதன் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அதே காலத்தில் தமிழகத்தில் இராஜராஜ சோழன் அரியணையில் இருந்தான். அவனுடைய படை இலங்கையின் வடபகுதியைப் பிடித்திருந்தது. கடலின் ஒரு கரையில் ஸ்ரீவிஜயம், மறு கரையில் சோழம். இரண்டும் பெரிய வல்லரசுகள்.

இந்த நிலையில் ஸ்ரீவிஜய மன்னன் சூளாமணிவர்மன் ஒரு காரியம் செய்தான். சோழனின் துறைமுகமான நாகப்பட்டினத்தில் ஒரு பெரிய புத்த விகாரத்தைக் கட்டத் தொடங்கினான். அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் அதைக் கட்டி முடித்து, தந்தையின் பெயரால் சூடாமணி விகாரம் என்று விளங்கச் செய்தான். இராஜராஜன் தனது இருபத்தோராம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஆம் ஆண்டையொட்டி, ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அந்த விகாரத்துக்குக் கொடையாக அளித்தான். 97 வேலிக்கு மேற்பட்ட நிலம். அதிலிருந்து ஆண்டுக்கு 8,943 கலத்துக்கும் சற்றுக் கூடுதலான நெல். இராஜராஜனுக்குப் பின் அவன் மகன் இராஜேந்திரன் அக்கொடையைச் செப்பேட்டில் பொறித்து உறுதி செய்தான். அந்தச் செப்பேடுகள் பிற்காலத்தில் டச்சுக்காரர்கள் வழியாக ஹாலந்து நாட்டு லைடன் நகரத்தைச் சென்றடைந்தன. அதனால் அவற்றுக்கு லைடன் செப்பேடுகள் என்றே பெயர் வழங்கலாயிற்று.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். ஸ்ரீவிஜய மன்னன் பௌத்தன். சோழ மன்னன் சைவன். கட்டியவன் ஒரு நாட்டான். இடம் கொடுத்தவன் வேறு நாட்டான். பக்தி ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பக்திக்காக மட்டும் கட்டுவதானால் தன் நாட்டிலேயே கட்டியிருக்கலாம். நாகப்பட்டினத்தில் கட்டியதால், காற்றுக்காகக் காத்திருந்த அவன் நாட்டு வணிகருக்கும் பிக்குகளுக்கும் ஓர் இடம் கிடைத்தது. நாகைக் காரோணச் சிவன் கோயிலுக்கும் ஸ்ரீவிஜய அரசரின் ஆட்கள் பொன்னும் அணிகலன்களும் கொடுத்ததாக அக்கோயில் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஊர்க்காரர் கும்பிடும் கோயிலையும் அவர்கள் மறக்கவில்லை! சோழனுக்கும் இதில் பயன் உண்டு. அயல்நாட்டுக் கப்பல் வந்தால் சுங்கம் வரும், நெசவாளரின் துணி விலைபோகும், தன் நாட்டு வணிகருக்கு அக்கரையில் மரியாதை கிடைக்கும்.

இவ்வளவு நட்பும் போரைத் தடுக்கவில்லை. 1025ஆம் ஆண்டில் இராஜேந்திர சோழனின் கப்பற்படை கடல் கடந்து வந்து ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கியது, அரசனைச் சிறைப்பிடித்தது. கடல் வணிகப் போட்டியே இதற்குக் காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். அயல் துறைமுகத்தில் இடும் முதல் உறவை வளர்க்குமே தவிர, காவற்படை ஆகிவிடாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் போர் நடந்து அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1090ஆம் ஆண்டில், கடார அரசனின் தூதர்கள் முதலாம் குலோத்துங்க சோழனிடம் வந்து, விகாரத்துக்குரிய ஊர்களின் வரி விலக்கைச் செப்பேட்டில் எழுதித் தருமாறு கேட்டார்கள். அவனும் எழுதிக் கொடுத்தான். அந்தச் செப்பேடுகளும் லைடனுக்குத்தான் போயின. இடையில் போரே வந்தும், எழுதி வைத்த உரிமை அறுந்து போகவில்லை. அந்த விகாரத்தின் கோபுரம் ஒன்று 1867ஆம் ஆண்டில் இடிக்கப்படும் வரையில் நாகப்பட்டினத்தில் நின்றது.

இனி, சோழர் காலத்திலிருந்து ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளைக் கடந்து வருவோம். இப்போது துறைமுகம் தேடி வருகிறவர்கள் ஐரோப்பியர்கள். நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து 1658இல் டச்சுக்காரர் பிடித்தனர். டச்சுக்காரரிடமிருந்து 1781இல் ஆங்கிலேயர் பிடித்தனர். மலாயாக் கரையிலும் இதே போட்டிதான். நம் வட சிலாங்கூர் மக்கள் கோலசிலாங்கூரில் மெலாவாத்திக் குன்றின் மேல் பீரங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். 1784ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் அந்தக் குன்றின் கோட்டையைக் கைப்பற்றினார்கள். ஆற்றின் வாயைப் பிடித்தால் உள்நாட்டிலிருந்து வரும் ஈயம் முழுவதும் தம் கைக்கு வரும் என்பது அவர்கள் கணக்கு. மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டுக்கொண்டார். பீரங்கியால் பிடித்த துறை ஓராண்டுக்குள் கைநழுவியது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1786 ஆகஸ்டு 11ஆம் நாள், பிரான்சிஸ் லைட் என்பவர் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பினாங்குத் தீவில் கொடியேற்றினார். இது பீரங்கியால் பிடித்தது அன்று. பேச்சாலும் பணத்தாலும் பெற்றது. ஜப்பானியர் ஆண்ட சில ஆண்டுகள் நீங்கலாக, 1957இல் மலாயா சுதந்திரம் பெறும் வரையில் பினாங்கு ஆங்கிலேயர் கையில் இருந்தது.

கம்பெனிக்குப் பினாங்கு ஏன் வேண்டியிருந்தது? சீனாவிலிருந்து தேயிலை வாங்கி வரும் கப்பல்களுக்கு வழியில் ஒரு தங்குமிடம் தேவைப்பட்டது. வடகிழக்குக் காற்றுக் காலத்தில் சோழமண்டலக் கரையில் புயல் அடிக்கும்; போர்க் கப்பல்களைப் பாதுகாப்பாக நிறுத்திப் பழுது பார்க்க அங்கே நல்ல துறை கிடையாது. மலாக்கா டச்சுக்காரரிடம் இருந்தது. பிரெஞ்சுக்காரருடனோ ஓயாத போர். ஆகவே வங்கக் கடலின் கிழக்குக் கரையில் தமக்கென ஒரு துறை இருந்தால் சீன வணிகமும் காப்பாற்றப்படும், இந்திய ஆட்சியும் காப்பாற்றப்படும் என்று கம்பெனி கணக்கிட்டது.

கெடா சுல்தான் அப்துல்லா ஏன் இடம் கொடுத்தார்? வடக்கே சயாம் தேசத்தின் அச்சுறுத்தல் அவருக்கு இருந்தது. எதிரி வந்தால் ஆங்கிலேயர் படை உதவி செய்வார்கள் என்று நம்பினார். பினாங்கை விட்டுக் கொடுத்தால் தம் துறைமுக வருவாய் குறையும். அதற்கு ஈடாக ஆண்டுக்கு 30,000 ஸ்பானிய வெள்ளியும் கேட்டார். லைட் நம்பிக்கையூட்டும்படி பேசினார். ஆனால் இந்தியாவிலிருந்த கம்பெனியின் மேலிடம் படை உதவிக்கு ஒப்புதல் தரவே இல்லை. ஒப்புதல் வருவதற்கு முன்பே தீவில் கொடி ஏறிவிட்டது.

ஆண்டுகள் போயின, உதவி வாக்குறுதி எழுத்தில் வரவில்லை. சுல்தான் 1791இல் தீவைத் திரும்பப் பெறுவதற்காகப் பிறையில் படை திரட்டினார். லைட் முந்திக்கொண்டு தாக்கினார். அவ்வாண்டு மே மாதம் ஏற்பட்ட உடன்படிக்கையில் சுல்தானுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று முடிவாயிற்று. படை உதவி பற்றி அதில் உறுதிமொழி இல்லை. 1800ஆம் ஆண்டில் எதிர்க்கரையான செபராங் பிறையும் கம்பெனிக்குப் போனது. தொகை 10,000 ஆயிற்று. 1821இல் சயாம் படை கெடாவுக்குள் புகுந்தபோது, அப்போதைய சுல்தான் பினாங்கில் தஞ்சம் புகுந்தார். கம்பெனி அவருக்காகப் போரிடவில்லை. எந்த அச்சத்துக்காகத் தீவைக் கொடுத்தார்களோ, அந்த அச்சம் உண்மையானபோது தீவு மட்டும் பத்திரமாக இருந்தது; கொடுத்தவரின் நாடு போய்விட்டது.

அந்த ஒப்பந்தத்தின் நிழல் இன்றும் இருக்கிறது. சுதந்திர மலேசியாவின் மத்திய அரசும் பினாங்கை முன்னிட்டுக் கெடா மாநிலத்துக்கு ஆண்டுதோறும் 10,000 வெள்ளி கொடுத்து வந்தது. அதை ஒரு கோடி வெள்ளியாக உயர்த்தும் முடிவு 2018ஆம் ஆண்டில்தான் அறிவிக்கப்பட்டது. ஒருமுறை எழுதிய தொகை எத்தனை தலைமுறைக்கு அப்படியே நின்றுவிட்டது, பாருங்கள்!

இப்போது சோழர் காலத்தையும் கம்பெனி காலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நாகப்பட்டினத்தில் முதல் போட்டவன் ஸ்ரீவிஜயன். ஆனால் நிலத்தின் மீது ஆட்சி சோழனிடமே இருந்தது. வரி விலக்கு வேண்டுமானாலும் சோழனிடம் வந்துதான் கேட்க வேண்டும். பினாங்கில் முதல் போட்ட கம்பெனியிடமே ஆட்சியும் போய்விட்டது. அங்கே உரிமைகள் செப்பேட்டில் இருந்தன. இங்கே முக்கியமான வாக்குறுதி வாய்ச்சொல்லாகவே நின்றது. அயல்நாட்டுப் பணம் வருவது நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயன் இல்லை. ஆட்சி யாரிடம் இருக்கிறது, ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

மூன்றாவது முதலீடு நம் குடும்பங்களோடு நேராகச் சம்பந்தப்பட்டது. அதுவும் நாகப்பட்டினத்தில்தான் நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் காடுகளை அழித்துக்கொண்டு பெருகின. ஆள் போதவில்லை. 1907ஆம் ஆண்டில் இங்கிருந்த ஆட்சி ஒரு சட்டம் செய்து, தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தியது. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும் அந்த நிதிக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். அந்தப் பணத்தைக் கொண்டு கங்காணிகள் சேர்த்துக் கொண்டுவரும் ஆட்களுக்கு இலவசக் கப்பல் பயணம் தரப்பட்டது. சென்னைக்கு அருகே ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் அவர்களைத் தங்கவைக்கும் முகாம்கள் நடத்தப்பட்டன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இக்கரை அரசன் நாகப்பட்டினத்தில் விகாரம் கட்டினான். இப்போது இக்கரை ஆட்சி அதே ஊரில் கூலியாட்களுக்கு முகாம் நடத்தியது.

அந்த முதலின் பயனை எண்ணிப் பாருங்கள். அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றில் முகாமும் கப்பலும் ஆயத்தமாக இருந்ததால், தோட்டத்துக்கு ஆள் வேண்டும்போது வரவழைக்கவும், வேண்டாதபோது நிறுத்தவும் முடிந்தது. 1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் உலகெங்கும் வியாபாரம் மந்தமாகி ரப்பர் விலை விழுந்தபோது, பல்லாயிரம் தொழிலாளர்கள் குடும்பத்தோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். வந்த வழியே போகும் வழியாகவும் ஆயிற்று. தண்ணீர்க் குழாயைத் திருகித் திறப்பதும் மூடுவதும் போல அந்தத் துறைமுகம் பயன்பட்டது. குழாயின் திருகு மட்டும் தொழிலாளியின் கையில் இல்லை. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம், உதவிப் பயணத்தில் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. அதாவது, கப்பல் புறப்படும் துறை தன் நாட்டில் இருந்ததால், அந்த அரசாங்கம் கதவைச் சாத்த முடிந்தது.

அந்த நிதியின் மீதம் சும்மா மறைந்துவிடவில்லை. சுதந்திரத்துக்குப் பின், 1958இல், அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக உருமாறியது. தொழிலாளர் நலனுக்கும் அவர்கள் பிள்ளைகளின் கல்விக்கும் உதவும் நிதியாக நம் சமூகம் அதை அறிந்திருந்தது. 1999ஆம் ஆண்டில் சட்டத்தின் மூலம் அது கலைக்கப்பட்டது. நாகப்பட்டினத்தின் அந்தக் கப்பல் துறைக்கும் ரவாங் வட்டாரத் தோட்டத்துப் பிள்ளையின் படிப்புக்கும் இப்படியும் ஒரு தொடர்பு இருந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

இக்கரையில் ஆட்கள் வந்து இறங்கிய துறைகளையும் பார்ப்போம். பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம். அதைக் கடந்து வருவோரில் சிலாங்கூருக்கு உரியவர்கள் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கினார்கள். 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரை வரை இரயில் ஓடத் தொடங்கியது. கிள்ளான் ஆற்றுத் துறையில் பெரிய கப்பல்கள் வந்து போவது கடினம். ஆகவே ஆற்றின் முகத்துவாரத்தில் புதிய துறைமுகம் கட்டி 1901 செப்டம்பரில் திறந்தார்கள். திறந்த கையோடு மலேரியா பரவித் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக நோயில் விழுந்தனர். டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்து நீரை வடியச் செய்த பிறகே அங்கே மனிதர் வாழ முடிந்தது.

அந்தத் துறைமுகத்துக்கும் இரயில்பாதைக்கும் பணம் லண்டனிலிருந்து வந்து கொட்டவில்லை. பெரும்பகுதி இந்நாட்டு ஈயத்தின் மீது வாங்கிய வரியிலிருந்து வந்தது. நம் ரவாங் அப்போது பெயர் பெற்ற ஈயச் சுரங்க ஊர். 1894ஆம் ஆண்டிலேயே, லோக் இயூ என்ற சீனரும் தம்புசாமிப் பிள்ளை என்ற தமிழரும் சேர்ந்து நடத்திய ரவாங் சுரங்கத்தில் மின்சாரத்தால் தண்ணீர் இறைத்தார்கள். நாட்டில் மின்சாரம் முதன்முதலில் பயன்பட்டது அங்கேதான் என்பர். அப்படிப்பட்ட சுரங்கங்களின் ஈயமும், பின்னர் நம் தோட்டங்களின் ரப்பரும் கட்டிய துறைமுகம் அது. ஆனால் அந்நாளில் அதை ஆண்டவர்கள் வேறு. தன் பணம், தன் மண், தன் உழைப்பு எல்லாம் இருந்தும், முடிவு செய்யும் அதிகாரம் பிறரிடம் இருந்தால் துறைமுகம் பிறர் துறைமுகமே!

சுதந்திர நாட்டில் அந்த நிலை மாறியது. 1963இல் துறைமுகத்தை நிர்வகிக்கத் தனி வாரியம் அமைந்தது. 1972இல் கிள்ளான் துறைமுகம் என்ற பெயர் வந்தது. 1986இல் அதன் கொள்கலன் முனையம் தனியார் நிர்வாகத்துக்குப் போயிற்று. பிறகு பூலாவ் இண்டாவில் எழுந்த வெஸ்ட்போர்ட்ஸ் முனையத்தில் ஹாங்காங்கின் ஹட்சிசன் நிறுவனம் பங்கு வாங்கியது. குவாந்தான் துறைமுகத்தை நடத்தும் நிறுவனத்தில் சீனாவின் குவாங்சி மாநில நிறுவனமொன்று நூற்றுக்கு 40 பங்கு வாங்குவதென்று 2013இல் ஒப்பந்தமாயிற்று. இன்று நாம் இடம் கொடுப்பவர் பக்கம் நிற்கிறோம். கிள்ளானில் நிலம் துறைமுக வாரியத்திடம் இருக்கிறது. நடத்தும் உரிமைதான் குறித்த காலத்துக்கு நிறுவனங்களிடம் போகிறது. சோழன் ஊரின் வருவாயைக் கொடுத்தும் ஆட்சியைக் கொடுக்காதது போன்ற ஏற்பாடு இது.

பக்கத்து நாடான இலங்கையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அதன் தென்கோடியில் அம்பாந்தோட்டையில், சீன வங்கிக் கடனைக் கொண்டு துறைமுகம் கட்டி 2010இல் திறந்தார்கள். ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் பெரிய கப்பல் வழி அதற்குச் சில மைல் தெற்கேதான் செல்கிறது. ஆனாலும் எதிர்பார்த்த அளவு கப்பல்கள் உள்ளே வரவில்லை. 2017 ஜூலையில், சீனாவின் சைனா மெர்ச்சண்ட்ஸ் நிறுவனம் 112 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து, பெரும்பங்கை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. கடனுக்காகத் துறைமுகத்தையே பிடுங்கிக்கொண்டார்கள் என்று பலர் சொல்வதுண்டு. உண்மை சற்று வேறு. குத்தகைப் பணம் இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போயிற்று. துறைமுகம் கட்ட வாங்கிய கடன் அப்படியே நின்றது, தொடர்ந்து கட்ட வேண்டியதாயிற்று. துறையும் போய்க் கடனும் நிற்பது எவ்வளவு பாரம் என்பதைத் தோட்டக் கடைப் பற்றுக் கணக்கு அறிந்த நமக்கு விளக்க வேண்டியதில்லை.

சீனாவுக்கு இதில் என்ன பயன்? வாடகையும் சுங்கமும் மட்டுமா? 2022 ஆகஸ்டில், செயற்கைக் கோள்களைக் கண்காணிக்கும் சீனக் கப்பலொன்று அம்பாந்தோட்டைக்கு வந்தது. இந்தியா கவலை தெரிவித்தது. இலங்கை அரசு முதலில் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லி, பின்பு அனுமதித்தது. தன் வீட்டு வாசலில் யார் நிற்கலாம் என்று சொல்லும்போது இரண்டு பெரிய நாடுகளின் முகத்தைப் பார்க்க வேண்டிய நிலை இலங்கைக்கு ஏற்பட்டது. இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. கொழும்புத் துறைமுகத்தின் மேற்கு முனையத்தில் இந்தியாவின் அதானி நிறுவனம், இலங்கை நிறுவனமொன்றோடும் துறைமுக அதிகார சபையோடும் சேர்ந்து முதல் போட்டது. அம்முனையம் 2025இல் இயங்கத் தொடங்கியது. கடாரமும் சோழமும் போல, இன்றும் பெரிய நாடுகள் கப்பல் வழியோரத்தில் இடம் தேடிக்கொண்டே இருக்கின்றன.

ஆகவே, அயல் துறைமுகத்தில் போடும் முதலுக்கு வட்டி ஒன்று, பயன் இன்னொன்று. வட்டியைக் கணக்கப்பிள்ளை எழுதி வைப்பார். பயனோ, வழி தன் வசம் இருப்பது. ஆபத்துக் காலத்தில் ஒதுங்க இடம் இருப்பது. அடுத்தவர் நாட்டில் தன் சொல்லுக்கு மதிப்பு இருப்பது. அதனால்தான் லாபமே வராத துறையிலும் வல்லரசுகள் பணம் போடுகின்றன. இடம் கொடுப்பவர் இதை அறிந்திருந்தால் நல்ல விலை கேட்கலாம். அறியாதவர் ஆறாயிரம் வெள்ளிக்கு ஒரு தீவைக் கொடுத்துவிட்டு ஏங்க வேண்டியதுதான்.

இடம் கொடுக்கிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எத்தனை காலத்துக்கு? காலம் முடியும் வரையில் ஆட்சி யாரிடம்? சொன்ன வாக்கெல்லாம் எழுத்தில் இருக்கிறதா? இவை சுல்தான்களுக்கும் அமைச்சர்களுக்கும் மட்டும் உரிய கேள்விகள் அல்ல. தோட்டங்கள் கைமாறி வீடமைப்புத் திட்டங்களாகும் இந்நாளில், லயத்து வீட்டுக்குப் பதில் வீடு தருவோம், பள்ளிக்கும் கோயிலுக்கும் நிலம் தருவோம் என்று யாராவது சொன்னால், நாமும் இதே மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம். பிரான்சிஸ் லைட் கூடத் தம் சொல்லை மேலிடம் ஏற்கும் என்று எண்ணியிருக்கலாம். ஆனால் நல்லெண்ணம் ஏட்டில் ஏறாவிட்டால், அடுத்து வருபவரை அது கட்டுப்படுத்தாது. இராஜராஜனின் கொடையை இராஜேந்திரன் செப்பேட்டில் ஏற்றினான். அதனால்தான் ஆயிரம் ஆண்டு கழித்தும் எத்தனை வேலி நிலம், எத்தனை கலம் நெல் என்று நம்மால் சொல்ல முடிகிறது.

பெற்றோர்களே, வீட்டில் தேசப்படம் இருந்தால் இன்றிரவு பிள்ளைகளோடு அதை விரித்துப் பாருங்கள். நாகப்பட்டினம், கெடா, பினாங்கு, கிள்ளான், அம்பாந்தோட்டை ஆகிய ஐந்து இடங்களையும் விரலால் தொட்டுக் காட்டுங்கள். அந்தக் கடல் வழியின் ஓரத்தில்தான் நம் கதையும் நடந்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்தத் துறையில் கப்பல் ஏறினார்கள், எந்தத் துறையில் இறங்கினார்கள் என்று தெரிந்தால், அதையும் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும்.